ஒருத்தருக்குப் பார்த்தால் போதும்

எனக்கு வாய் நீளம் என்று இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே பேர் வாங்கிவிட்டேன். அந்த நீள வாயை வைத்துக்கொண்டு என் கொழுந்தனை ஒரே ஒரு தடவை கையை நீட்டவைக்க என்னால் முடியவில்லை. பிரஷர் பார்க்கிற பட்டையை அவன் கையில் சுற்ற வேண்டும், பொத்தானை அமுக்க வேண்டும், ஒரு நிமிஷம் அவன் பேசாமல் உட்கார வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டான். அவனுக்குப் பிரஷர் இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நான் ஆரணியில் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். கரையில் வரும் அன்னம், தலைப்பில் வரும் கோபுரம் எல்லாம் முதலில் என் திரையில் கட்டம் கட்டமாக வரும், அப்புறம்தான் தறிக்குப் போகும். நாள் பூராவும் நெட் முன்னால் உட்கார்ந்திருப்பதால் குடும்பத்தில் யாருக்கு எது தேட வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். காலேஜ் சீட்டு, ரேஷன் கார்டில் பிழை திருத்தம், மாப்பிள்ளை வீட்டார் சொன்ன கம்பெனி நிஜமா பொய்யா, எல்லாம். என் வீட்டுக்காரர் பட்டு நூல் வியாபாரம் செய்கிறார். அவருக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அவர்கள் இரண்டு பேரும் முள்ளிப்பட்டுப் பக்கம் ஒரே தெருவில் வீட்டோடு தறி போட்டு, முதலாளியிடம் பாவு வாங்கி நெய்தவர்கள். பாவு என்றால் புடவையின் நீள இழைகள். முதலாளி ஒரு பாவு கொடுத்தால் அதில் மூன்று புடவை வரும்.

மூத்தவர்தான் முதலில் போனார். கண்ணமங்கலத்தில் வேலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவர் மார்பைத் தேய்த்துக்கொண்டே கடைப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். கேஸ் ட்ரபிள் என்று கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்திருக்கிறார். பாதி சோடா பாட்டிலிலேயே நின்றுவிட்டது. ஐம்பத்தோரு வயது. காய்ச்சல் என்று அவர் படுத்து நான் பார்த்ததில்லை. குடி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. கல்லு மாதிரி இருந்தாரே என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். கல்லு மாதிரி இருக்கிறவன் எப்படிச் செத்தான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஏப்பம் வந்தாலும் பயம். குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் வணக்கம் வருகிறதோ இல்லையோ, இதய அடைப்புக்கு வைத்தியம் வரும். பூண்டும் எலுமிச்சையும் இஞ்சியும் தேனும் சேர்த்துக் காய்ச்சினால் ரத்தக் குழாய் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் வீடியோவில் வந்து நெல்லிக்காயைக் காட்டி அழுகிறார். என் வீட்டுக்காரரும் அந்தப் பூண்டுத் தண்ணீரைக் கொஞ்ச நாள் குடித்தார், பக்கத்தில் உட்கார முடியாது. எனக்கு வெறுத்துப்போய், நல்லா இருக்கிற ஆளுக்கு இதய நோய் வருமா வராதா என்று பார்க்க நிஜமாகவே என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று தேட உட்கார்ந்தேன்.

முதலில் வந்து நின்றதெல்லாம் ஆஸ்பத்திரிகளின் பக்கங்கள். முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் வருஷாவருஷம் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தே தீர வேண்டும் என்றன. படிக்கப் படிக்க எனக்கே நெஞ்சை அடைத்தது. கீழே போனால் சிவப்பில் ஒரு பொத்தான், இப்போதே பதிவு செய்யுங்கள் என்று. சரிகை விற்கிறவனிடமே போய் இது அசல் சரிகைதானா என்று எந்த வியாபாரியாவது கேட்பானா? பொத்தான் வைத்த பக்கங்களையெல்லாம் மூடினேன்.

அப்புறம் டாக்டர்களுக்காக எழுதிய கைடுலைன்கள் கிடைத்தன. பழசாகிப்போனதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் திருத்தி எழுதியதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய ஒன்று, தொந்தரவு எதுவும் இல்லாத, ஆபத்தும் குறைவாக உள்ள ஆளுக்கு ஈசிஜி எடுக்காதே என்றது. எனக்கு வந்ததே கோபம்! வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கிறது, பார்க்காதே என்று சொல்ல நீ யாருடா என்று திரையைப் பார்த்தே கேட்டுவிட்டேன். கோபம் தணிந்து காரணத்தைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஈசிஜி சொல்வது அந்த நிமிஷத்துக் கதை. குழாயில் பாதி அடைத்துக்கொண்டிருக்கிறவனுக்கும் சும்மா படுத்திருக்கும்போது நன்றாகவே வரும். நல்லா இருக்கிறவனுக்குச் சில சமயம் கோணலாக வரும். அந்தக் கோணலைத் துரத்திக்கொண்டு போய், ரத்தக் குழாய்க்குள் ஒயர் விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்புவார்கள். அந்த ஒயராலேயே கெடுதல் வந்தவர்களும் உண்டு. இதையெல்லாம் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். பொத்தான் வைத்த பக்கங்களில் இந்தப் பேச்சே இல்லை. செய்தால் வரும் கெடுதலையும் சேர்த்துச் சொல்கிறவனை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் அது அவர்கள் ஊர் ஜனங்களை வைத்துப் போட்ட கணக்கு. நம் பக்கத்து ஆட்களுக்கு ஆபத்து இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அதிலேயே போட்டிருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அதன்மேல் மரியாதை கூடியது, ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. மாரடைப்பு வரும் ஆபத்து எவ்வளவு என்று நிறத்தில் காட்ட, பல நாடுகளுக்கும் தனித்தனியாகப் போட்ட வண்ணச் சார்ட் ஒன்று இருந்தது. வயசு என்ன, ஆணா பெண்ணா, புகை உண்டா, பிரஷர் எவ்வளவு, எடையும் உயரமும் என்ன, இவை தெரிந்தால் போதும், ரத்தம்கூட எடுக்க வேண்டாம். நமக்கு உரிய கட்டம் பச்சையா மஞ்சளா சிவப்பா என்று பார்த்துக்கொள்ளலாம். நம் அரசாங்கத்துப் புத்தகமும் கிடைத்தது. முப்பது வயதிலிருந்தே எல்லாருக்கும் பிரஷரும் சர்க்கரையும் பார் என்றது அது.

எந்த வயதில் ஆரம்பிப்பது, எப்போது மாத்திரை, கொழுப்பு எவ்வளவு இருந்தால் அதிகம், எல்லாவற்றிலும் இவர்களுக்குள் சண்டைதான். ஆனால் பிரஷர் பார், சர்க்கரை பார், கொழுப்பு பார், புகையை விடு, கூடப் பிறந்தவன் சின்ன வயதிலேயே இதயத்தால் செத்திருந்தால் உன் ஆபத்தைக் கூட்டிக்கொள் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே வார்த்தையாக நின்றார்கள். எதையும் விற்காதவர்கள், மற்றதிலெல்லாம் அடித்துக்கொள்கிறவர்கள், இதில் ஒத்துப்போகிறார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதிலும் அவர்களுக்குள் சண்டை இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் இதை இவரிடம் சொன்னேன். சார்ட்டைக் கலரில் பிரிண்ட் எடுத்து எதிரே வைத்தேன்.

"பிரஷர் பாக்கறதுக்கா இத்தினி நாளு கம்ப்யூட்டர் முன்னாடி குந்திகினு இருந்த?" என்றார்.

அதுதான் எங்கள் ஜனங்கள். மார்பில் நாலு ஒயர் ஒட்டினால்தான் அவர்களுக்கு அது டெஸ்ட். கையில் பட்டையைச் சுற்றி எடுப்பதற்கு மதிப்பே கிடையாது.

அந்த வருஷம் கல்யாண சீசன் தொடங்கும் சமயத்தில், வெளியூர் லேப் ஒன்று ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டது. முழு இதயப் பரிசோதனை, ஒரே கூரையின் கீழ் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மூத்தவரின் சாவுக்குப் பிறகு இவருக்கு அது கோயில் மணி மாதிரி கேட்டிருக்கிறது. தம்பியையும் கூப்பிட்டார். தறியில் முகூர்த்தப் பாவு ஏறியிருக்கிறது, இறங்க முடியாது, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் எக்கோ மிஷின். சாப்பாட்டுக் கூடத்தில் டிரெட்மில். வேட்டியோடு ஓடக் கூடாது என்று இவருக்கு ஒரு அரை டவுசர் கொடுத்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, அந்த மனுஷன் டவுசரோடு ஓடினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். கடைசியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல், வாழ்த்துகள் என்று கை கொடுத்தார்.

"எத்தினி நாளைக்கு சார் நார்மல்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கு நார்மல்மா."

"இவரோட தம்பி ஒருத்தர் இருக்காரு, பீடி புடிப்பாரு."

"அவரையும் கூட்டிட்டு வாங்க. ஃபேமிலிக்கு ஆஃபர் இருக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் இவர் லட்டு வாங்கினார். சாயங்காலம் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் வண்டியில் வந்தார்கள். ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்த ஈசிஜி காகிதத்தைக் கொழுந்தன் விரலால் நீவிப் பார்த்தான். அவனுக்குச் சிரிக்கும்போது கண் இரண்டும் காணாமல் போய்விடும்.

"அப்போ எனக்கும் நார்மல்தான் அண்ணி. ஒரே பாவுல வந்த பொடவைங்க நாங்க. ஒண்ணு பாஸ் ஆச்சுன்னா மத்தது எத்துக்கு விரிச்சுப் பாக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். இவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எங்கள் தொழிலில் இது நிஜம். பாவிலிருந்து இறங்கும் முதல் புடவையை முதலாளி கடையில் முழுசாக விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கரைக்குக் கரை தடவிப் பார்ப்பார். அது சரியாக இருந்தால் அடுத்த இரண்டையும் மடித்த மடிப்பிலேயே புரட்டிவிட்டு வாங்கி வைத்துக்கொள்வார். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அதனால் அவன் சொன்னது தமாஷாகவும் இருந்தது, நியாயமாகவும் இருந்தது. அந்த ஒரு நியாயத்தில் வீடே நிம்மதியாகிவிட்டது.

நான் விடவில்லை. "பாவு ஒண்ணு, சரி. ஊடை யாருது? அவரு பீடி புடிக்கிறாரா? நீ தின்ற கருவாடு, ஊறுகா அவரு தின்றாரா? குறுக்க ஓட்ற நூலு வேற வேறதானே? அத்தோட உங்க மூணு பேர்ல மொதல் பொடவ இவரு இல்ல. மொதல் பொடவ கண்ணமங்கலத்துல கிழிஞ்சுபோச்சு!"

சிரிப்பு நின்றுவிட்டது. செத்தவரை இழுத்தது இவருக்குப் பிடிக்கவில்லை, கம்முனு இரு என்று அதட்டினார். கொழுந்தன்தான் பேச்சை மாற்றினான். "அண்ணி கம்ப்யூட்டர்ல நெய்யறவங்க, அவங்களுக்கு எல்லா நூலும் தெரியும்" என்று சொல்லி என் கையில் ஒரு லட்டைத் திணித்தான். அவன்மேல் எனக்குக் கோபம் நிற்காது. நான் கல்யாணமாகி வந்தபோது அரும்பு மீசையோடு, அண்ணி அண்ணி என்று பின்னாலேயே சுற்றியவன். எனக்குக் கூடப் பிறந்த தம்பி கிடையாது.

பிரஷர் மிஷின் ஒன்றை நானே வாங்கினேன். எனக்குப் பார்த்துக்கொண்டேன், இவருக்கும் பார்த்தேன். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு ஒரு முற்பகல் பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போனேன். குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். தறியில் அரக்கு நிறத்தில் கல்யாணப் புடவை, என் டிசைன்தான்.

"இன்னா அண்ணி, மிஷினோட வந்துகினீங்க?"

"கையக் குடு தம்பி, ஒரு நிமிஷ வேல."

"கைய எத்துக்கு? இந்தக் காலப் பாருங்க." குழியிலிருந்து காலைத் தூக்கிக் காட்டினான். "நாள் பூரா மிதிச்சிகினு கீது. அண்ணன் மண்டபத்துல ஓடனது ஒரு பத்து நிமிஷம்."

"காலு எனக்கு வேணாம். கைய நீட்டு."

"முகூர்த்தம் முடியட்டும் அண்ணி. அப்பால ரெண்டு கையும் நீட்டறேன்."

"பீடியையாவது நிறுத்தினியா?"

"அத்த வுடுங்க. சும்மா பேஜார் பண்ணிகினு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பெரியவரும் நல்லாத்தானே இருந்தார், உன் பிள்ளைகள் யார் முகத்தைப் பார்க்கும், அறிவு இருக்கிறதா உனக்கு என்று கத்தினேன். அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து மோர் எடுத்துக்கொண்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவன் தறியை நிறுத்தினான். பிறகு குரலை இறக்கிப் பேசினான்.

"பெரிய அண்ணன் போனப்போ அவரு தறியில பாவு பாதில நின்னுச்சே, ஞாபகம் கீதா? நான்தான் போய் முடிச்சேன். கை மாறினது துணியில தெரிஞ்சுபோச்சு. அந்தப் பொடவ இன்னும் கடையிலேயே கீது. இப்போ அவரு தம்பிக்கும் பிரஷராம்னு ஒரு பேச்சு கெளம்பினா எவன் எனக்குக் கல்யாணப் பாவு குடுப்பான்? சாதா பொடவதான் நெய்யணும். இல்லாங்காட்டி அதுவும் இல்ல."

"நான் யாரு கிட்ட சொல்லப் போறேன்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. அந்த டப்பாவத் தூக்கிகினு தெரு மொனையிலேர்ந்து நடந்து வந்தீங்களே, எத்தினி பேரு பார்த்தாங்க?"

கையிலிருந்த டப்பாவைப் பார்த்தேன். அட்டை டப்பாவில் பெரிசாக, கையில் பட்டை கட்டிய ஒரு கிழவனின் படம் போட்டிருந்தது. பையில் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"பார்த்தாத்தானே அண்ணி பிரஷரு? பாக்கலேன்னா எனக்கு இல்ல" என்று சொல்லி மறுபடியும் சிரித்தான். தறி ஓட ஆரம்பித்தது. நான் மோரைக் குடித்துவிட்டு, டப்பாவை முந்தானையில் மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவன் சொன்னதில் தப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. நெய்கிறவன் உடம்பைப் பற்றி முதலாளிகள் காதில் விழாத சேதி கிடையாது. பாதியில் நிற்கும் பாவைப் போலத் தொந்தரவு பிடித்த பொருளும் வேறு கிடையாது. அந்தப் பயத்துக்கு எந்தக் கைடுலைனிலும் ஒரு வரி இல்லை.

முகூர்த்தம் முடிவதற்குள் அவன் முடிந்துவிட்டான்.

அன்று காலை டீ குடித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தவனுக்குத் தோள்பட்டையில் வலி. ராத்திரி கோணலாகப் படுத்திருப்பேன் என்றானாம். வலி தாடைக்கு ஏறியிருக்கிறது. பனியன் தொப்பலாக நனைந்துவிட்டது. அவன் பெண்டாட்டி பதறிப்போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிறேன் என்றதும் அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கியிருக்கிறான். "வண்டி தெருவுக்குள்ள வந்தா ஊருக்கே தெரியும்டி." பிறகு தறி மேட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பலமாக இரும ஆரம்பித்திருக்கிறான். நெஞ்சு வலி வரும்போது விட்டுவிட்டு இருமினால் அடைப்பு எடுபட்டுவிடும், ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று எவனோ ஒரு புண்ணியவான் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தானாம். சத்தம் போடாதே, கொஞ்ச நேரத்தில் சரியாயிடும் என்று அவளிடம் கையைக் காட்டிக்கொண்டே இருமியிருக்கிறான். இருமல் நின்றதும் சரியாகிவிட்டது என்று அவள் நினைத்தாளாம். இதை அவள் என்னிடம் சொன்னபோது அந்த வீடியோவைச் செய்தவன் என் கையில் கிடைத்தால் கொன்றுபோட்டிருப்பேன். ஆட்டோ பிடித்து ஆரணிக்குக் கொண்டு வந்தார்கள். பெரியாஸ்பத்திரி வாசலுக்கு நாங்கள் ஓடியபோது அவன் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

சாவு வீட்டில் ஒவ்வொருத்தரும் இவரிடம் அதையேதான் கேட்டார்கள். உனக்குப் பார்த்தபோது நார்மல்தானே, இவனுக்கு எப்படி? ஜனங்களுக்கு அது நிஜமாகவே விளங்கவில்லை. எல்லாம் முடிந்து வந்து குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு பின்கட்டில் நின்ற இவர் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு எதாவது கோளாறுன்னு வந்திருந்தா அவன் பயந்துகினு வந்து பார்த்திருப்பான், இல்ல?"

வந்திருப்பான் என்று எனக்கும் தெரியும். அந்த டவுசரையும் லட்டையும் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. என்ன வேணா ஆகியிருக்கும், உள்ள வாங்க என்று மட்டும் சொன்னேன். மனுஷன் அங்கேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காரியம் முடிவதற்கு முன்னாலேயே முதலாளியின் ஆள் வந்தான். தப்பாக எதுவும் பேசவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்டாடிக்கொண்டு நின்றான். கல்யாண வீட்டார் தேதி கேட்கிறார்கள், பாவை எடுத்துக்கொள்ளட்டுமா என்றான். நெய்த வரைக்கும் அறுத்து, மீதிப் பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். என் ஓரகத்தி, கொழுந்தனின் பெண்டாட்டி, சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளும் தறியில் உட்கார்ந்தவள்தான். இந்தத் தெருவில் பாதிப் புடவைகள் பெண்கள் கையால் நெய்தவை.

பிறகு ஒரு நாள் மத்தியானம் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது கேட்டாள்.

"அக்கா, அந்தக் கலர் சார்ட்டு வெச்சிருந்தீங்களே. அதுல போட்டுப் பாருங்களேன். அவரு எந்தக் கலர்ல இருந்திருப்பாரு?"

போனில் எடுத்தேன். ஆண், பீடி உண்டு, நாற்பது தாண்டிய வயசு. உயரமும் எடையும் குத்துமதிப்பாக அவளே சொன்னாள். அடுத்தது பிரஷர். அந்த எண் இல்லாமல் கட்டத்துக்குள் போக முடியாது. அவன் வரிசையில் கீழேயிருந்து மேலே விரலை ஓட்டிக் காட்டினேன். பிரஷர் கம்மியாக இருந்திருந்தால் இந்தப் பச்சை, ஏற ஏற மஞ்சள், ஆரஞ்சு. இதில் எங்கேயோ ஒரு கட்டத்தில் இருந்திருக்கிறான். அண்ணன் செத்ததை இந்தச் சார்ட் கணக்கில் எடுக்காது, அதை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

"பார்த்திருந்தா பொழச்சிருப்பாரா அக்கா?"

ஆமாம் என்று சொன்னால், போனைப் பிடுங்க விட்டோமே, ஒரு வார்த்தை அதட்டவில்லையே என்று காலம் பூராவும் தன்னையே தின்றுகொள்வாள். இல்லை என்று சொன்னால் பொய். பச்சையில் இருக்கிறவனும் சாகிறான், சிவப்பில் இருக்கிறவனும் கிழவனாகிறான். நூறு பேரை வைத்துப் போட்ட கணக்கு அது, ஒருத்தனைப் பற்றி அது வாயைத் திறக்காது. நல்ல கைடுலைன் என்று தேடித் தேடி எடுத்தேனே, அதன் நேர்மையே இப்போது எனக்கு எதிரே வந்து நின்றது.

"தெரியலம்மா. பார்த்திருந்தா பீடிய வுட்ருப்பான், மாத்திர போட்ருப்பான். வழி ஒண்ணு இருந்திருக்கும். அவ்ளோதான் தெரியும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை. அப்புறம் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள். "எனக்குப் பாருங்க. புள்ளைங்களுக்கு நான் ஒருத்திதானே கீறேன்."

மிஷின் என் கைப்பையில்தான் இருந்தது, அந்த டப்பா இல்லாமல். அவள் கேட்கிறவரை எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. செத்தது அண்ணன் தம்பிகள், பயந்தது அவர்கள் ரத்தத்தைப் பற்றி. வேறு வீட்டிலிருந்து வந்து அதே உப்பையும் அதே ஊறுகாயையும் தின்று அதே தறியில் உட்கார்ந்தவளை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மேல் எண் நூற்று எழுபதைத் தாண்டி நின்றது. துக்கத்தில் ஏறியிருக்கும், தூக்கம் இருக்காது, ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது என்றுதான் நான் படித்ததெல்லாம் சொல்கிறது. அதையே அவளிடமும் சொன்னேன். சில நாள் விட்டுப் போய், அவளைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரவைத்துவிட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் பார்த்தேன். எண் இறங்கவில்லை.

"நார்மல்தானே அக்கா?"

"நார்மல் இல்லம்மா."

அவள் ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். தெருக்கதவு திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்கு மொதலாளி வீட்ல எனக்குப் பாவு ஏத்தறேன்னு சொல்லிக்கீறாங்க. கல்யாணப் பாவு. யாரு கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா."

அதே பயம், அதே வீடு. அவன் செத்த தறி மேட்டின் மேலே உட்கார்ந்துகொண்டு கேட்கிறாள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தித்தான் ஒருத்தனிடம் தோற்றிருந்தேன். சொல்ல மாட்டேன், ஆனால் நீ மாத்திரை போட வேண்டும் என்றேன். அவள் சரி என்றாள்.

மாசத்துக்கு ஒரு தடவை கண்ணமங்கலம் தாண்டி, எங்களை யாருக்கும் தெரியாத ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நானும் அவளும் பஸ்ஸில் போகிறோம். கேட்கிறவர்களுக்குக் கோயில் என்று சொல்கிறோம். இவருக்குக்கூடத் தெரியாது. மாத்திரை வேலை செய்கிறது, எண் இறங்கியிருக்கிறது, அவள் தறியில் பாவு இருக்கிறது. இதில் ஒருத்தர் பெயரையும் நான் எழுதாததற்கு அவள்தான் காரணம்.